கிளொண்டைக் ஓடைகளில் தங்கம் சேர்ந்த விதமும் எடுத்த விதமும்

கேள்வி இதுதான்: கனடாவின் வடமேற்கு மூலையில், யூக்கான் பிரதேசத்துக் கிளொண்டைக் ஓடைகளில் 1896 முதல் இன்றுவரை தங்கம் அரிக்கிறார்கள். அந்தத் தங்கம் புறப்பட்டு வந்த தாய்ப்பாறை எங்கே? அதைத் தோண்டினால் இதைவிடப் பல மடங்கு கிடைக்காதா?

தாய்ப்பாறையின் பெரும்பகுதி இன்று இல்லை. அது கரைந்து இறங்கித்தான் ஓடையில் கிடக்கிறது. மலையில் மிச்சமிருக்கும் பாறையிலும் தங்கம் உண்டு, ஆனால் மெலிந்து, சிதறி இருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளாக ஓடைத் தண்ணீர் செய்த சலிப்பு வேலையைத்தான் அங்கே போனவர்கள் அறுவடை செய்தார்கள். இது புரிய அந்த நிலத்தின் கதையை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

டாசன் நகரம் வட அட்சம் 64 பாகையில், யூக்கான் ஆறும் கிளொண்டைக் ஆறும் கூடும் இடத்தில் இருக்கிறது. அதன் தென்கிழக்கே கிங் சாலமன் டோம் என்ற மலை, சுமார் 1,200 மீட்டர் உயரம். பொனான்சா, ஹங்கர், டொமினியன், சல்பர், குவார்ட்ஸ் ஆகிய ஓடைகள் இந்த மலைமேட்டிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல நாலாபுறமும் பிரிந்து ஓடுகின்றன. எல்லாவற்றிலும் தங்கம் உண்டு. வரைபடத்தை ஒருமுறை பார்த்தாலே, தங்கம் வெளியூரிலிருந்து வரவில்லை, இந்த மேட்டிலிருந்தே இறங்கியது என்பது விளங்கிவிடும்.

மேட்டின் பாறை சிஸ்ட். 25 கோடி ஆண்டுக்கும் முந்தைய பெர்மியன் காலத்து எரிமலைப் பாறைகளும் படிவுகளும் அழுத்தத்திலும் சூட்டிலும் ஏடு ஏடாக மாறியது. அதற்குப் பின் வந்த ஜுராசிக் காலத்தில் அதன் வெடிப்புகளில் சூடான நீர் ஏறி, வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸை, நரம்பு நரம்பாகப் படியவிட்டது. தங்கம் வந்தது அதனோடுதான். நரம்புகள் பெரும்பாலும் மெல்லியவை. கொஞ்ச தூரம் ஓடி மறைந்துவிடும். கோலார் தங்கவயலில் கிலோமீட்டர் கணக்கில் கீழே தொடர்ந்து போன நரம்போடு இதை ஒப்பிடவே முடியாது.

இந்த மேடு கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் இற்றது. சிஸ்ட் மெதுவாகக் களிமண்ணாகிக் கரைந்தது, களிமண்ணைத் தண்ணீர் கொண்டுபோனது. கரையாமல் நின்றவை இரண்டு: வெங்கச்சங்கல், தங்கம். சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பிளியோசீன் காலத்தில் இங்கே ஓடைகள் அகலமான பள்ளத்தாக்குகளில் நெளிந்து நெளிந்து ஓடின. அவை விட்டுச்சென்ற சரளைக்கு ‘ஒயிட் சேனல்’ என்று பெயர். பெயருக்கேற்ப வெளுப்பு: கூழாங்கல் பெரும்பாலும் வெங்கச்சங்கல், நிலத்தடி நீர் இரும்புச் சாயத்தையும் கழுவிவிட்டது. சில இடங்களில் 40 மீட்டருக்கு மேல் தடிமன். ஆனால் தங்கத்தின் பெரும்பங்கு கடைசி ஓரிரு மீட்டரிலும், அதற்கடியில் இருக்கும் பாறையின் மேற்பரப்பிலும்தான்.

ஏன் அடியில்? சுத்தத் தங்கத்தின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற அளவு, 19.3. கிளொண்டைக் தங்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெள்ளி கலந்திருக்கும். ஓடைக்கு ஓடை இது நிறையவே மாறும். நம் கணக்கில் சுமார் 19 கேரட். அதன் ஒப்படர்த்தி 16.5 வரும், வெங்கச்சங்கல்லுக்கு 2.65. இரண்டிலும் தண்ணீரின் மிதப்பைக் கழித்தால் 15.5-க்கு 1.65. ஒரே அளவுள்ள கல்லைவிடத் தங்கம் தண்ணீருக்குள் ஒன்பது மடங்குக்கு மேல் கனம். வெள்ளத்தில் சரளை அசையும்போதெல்லாம் தங்கம் ஒரு படி கீழே இறங்கும். பாறையைத் தொட்டபின் ஏடுகளுக்கு இடையிலுள்ள வெடிப்பில் சொருகிக்கொள்ளும். சிஸ்ட் ஏடுகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே செங்குத்தாக நிற்கும் இடங்கள் இயற்கையே வைத்த சலிப்புச் சட்டங்கள். அங்கே அரை மீட்டர், சில இடத்தில் ஒரு மீட்டர் ஆழம்வரை பாறையையே பெயர்த்தெடுத்துக் கழுவ வேண்டும். வழவழப்பான பாறையில் தங்கம் தங்காது. பாறை தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய நஷ்டம்.

அடுத்தது பனியூழி. கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியது, கிளொண்டைக்கை மூடவில்லை. கடலிலிருந்து வரும் ஈரத்தைத் தெற்கே செயின்ட் எலியாஸ் மலைத்தொடர் தடுத்துவிட்டதால் இங்கே பனிப்பாளம் வளர ஈரம் போதவில்லை. பனிப்பாளம் வந்திருந்தால் பள்ளத்தாக்குகளைச் சுரண்டி, சேர்ந்த தங்கத்தை நூறு கிலோமீட்டருக்குச் சிதறடித்திருக்கும். இந்த மாவட்டம் இவ்வளவு செழிப்பாக இருப்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் பனியின் கை வேறு வழியில் பட்டது. சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த முதல் பெரிய பனியூழியில், வடக்கே ஒகில்வி மலைகளிலிருந்து பனியுருகு வெள்ளம் சரளையைக் கொண்டுவந்து ஒயிட் சேனலின் கீழ்முனைகள்மீது கொட்டியது. இதற்குக் கிளொண்டைக் சரளை என்று பெயர். கல்லைப் பார்த்தே சொல்லலாம்: வெள்ளைக்குப் பதில் கருமையும் பழுப்புமாகச் செர்ட், ஸ்லேட் கற்கள். வெளி மலையிலிருந்து வந்ததால் அதில் தங்கம் கிடையாது. அகற்றிவிட்டுக் கீழே போக வேண்டியதுதான். அதே காலத்தில் அதுவரை தெற்கு நோக்கி ஓடிய யூக்கான் ஆறு, பனியால் தடுக்கப்பட்டு வடமேற்கே திரும்பியது. ஓடைகள் தம் தரையை வேகமாக அறுத்து இறங்கத் தொடங்கின. விளைவாக, பழைய ஒயிட் சேனல் தரை இன்று ஓடைக்கு 50 முதல் 100 மீட்டர் மேலே குன்றுகளின் தோளில் படியாக நிற்கிறது. அறுபட்ட பகுதியின் தங்கமெல்லாம் புதிய ஓடைக்குள் விழுந்து இரண்டாம் முறை சலிக்கப்பட்டது. ஏற்கெனவே சேர்த்ததை மறுபடி சேர்த்ததால்தான் பொனான்சாவிலும் அதன் கிளையான எல்டொராடோவிலும் நம்ப முடியாத செழிப்பு.

கடைசியாக மேலே ஒரு மூடி விழுந்தது. காற்று கொண்டுவந்த வண்டலும் அழுகிய செடிகொடியும் சேர்ந்து கருஞ்சேறாகி, உறைந்து, சரளையின்மேல் சில மீட்டர் முதல் முப்பது மீட்டர்வரை நிற்கிறது. உள்ளூரில் ‘மக்’ என்பார்கள். வெட்டினால் பனிக்கட்டிச் சுவர்கள் குறுக்கே வரும். உருகும்போது பல்லாயிரம் ஆண்டு பழைய அழுகல் நாற்றம் வரும். மாமத யானை, காட்டெருமை, குதிரை எலும்புகள் இதில் ஏராளம். 2016-ல் ஒரு சுரங்கத்தில் சுமார் 57,000 ஆண்டு பழைய ஓநாய்க்குட்டியும், 2022 ஜூனில் யூரேகா ஓடையில் தோலோடும் தும்பிக்கையோடும் முழுமையான மாமதக் குட்டியும் கிடைத்தன. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான ட்ரொண்டெக் ஹுவெச்சின் மக்கள் அக்குட்டிக்கு நுன் சோ கா எனப் பெயரிட்டார்கள்.

அந்த மக்களைச் சொல்லாமல் வரலாற்றுக்குள் போகக்கூடாது. கிளொண்டைக் என்ற பெயரே அவர்களுடைய ட்ரொண்டெக் என்ற சொல்லின் திரிபு. சால்மன் மீன்பொறி கட்ட ஆற்றில் முளை அடிக்கும் கல்லைக் குறிக்கும் பெயர் அது. ஆற்று முகத்தில் இருந்த அவர்களுடைய மீன்பிடி ஊரான ட்ரொச்செக், தங்க வேட்டையில் சில மாதங்களில் கையைவிட்டுப் போனது. தலைவர் ஐசக் தன் மக்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைடுக்கு அழைத்துச் சென்றார். 2023-ல் இந்த நிலப்பரப்பு உலகப் பாரம்பரியச் சின்னமானபோது பதிவானது தங்கத்தின் கதையைவிட அதிகமாக இந்த மக்கள் பட்டதும் தாங்கியதும்தான்.

1896 ஆகஸ்ட் 16 அன்று முயல் ஓடை என்று அப்போது அழைக்கப்பட்ட பொனான்சாவில் தங்கம் கண்டவர்கள் டாகிஷ் மக்களைச் சேர்ந்த கெய்ஷ் (ஸ்கூகம் ஜிம்), அவர் உறவினர் டாசன் சார்லி, கெய்ஷின் தங்கை கணவரான அமெரிக்கர் ஜார்ஜ் கார்மாக். முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றும் வாதம் உண்டு. பட்டா கார்மாக் பெயரில் பதிவானது. ஓடை நெடுக 500 அடி ஒரு பட்டா, முதலில் கண்டவருக்கு இரட்டைப் பங்கு. அவசரத்தில் கயிற்றால் அளந்ததால் எல்லைகள் பிசகின. அரசு நில அளவையாளர் வில்லியம் ஒகில்வி திரும்ப அளந்தபோது இரண்டு பட்டாக்களுக்கு நடுவே 90 அடிக்கும் குறைவான ஒரு துண்டு மிஞ்சியது. யாரும் சீந்தாத அந்தத் துண்டை டிக் லோ என்பவர் எடுத்துக்கொண்டார். எல்டொராடோ வந்து கலக்கும் முனைக்கருகே இருந்ததால் ஓடை முழுவதிலும் மிகச் செழிப்பான துண்டுகளில் ஒன்றாக அது அமைந்தது.

வெளியுலகம் இதை அறிய 1897 ஜூலை ஆயிற்று. எக்செல்சியர் சான் பிரான்சிஸ்கோவுக்கும் போர்ட்லண்ட் சியாட்டிலுக்கும் தங்கத்தோடு வந்து சேர்ந்த கப்பல்கள். லட்சம் பேர் கிளம்பினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. ஓராண்டுச் சாப்பாட்டுச் சாமான் இல்லாதவரைக் கனடியப் போலீசார் அலாஸ்காவிலிருந்து கனடாவுக்குள் ஏறும் சில்கூட் கணவாயில் மறித்ததால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரு டன் சுமையைப் பல நடையாக ஏற்ற வேண்டியிருந்தது. 1898 கோடையில் டாசன் சேர்ந்தபோது நல்ல ஓடைகள் முழுவதும் ஏற்கெனவே பட்டாவாகிவிட்டிருந்தன.

பனி உறைந்த நிலத்தில் எப்படித் தோண்டினார்கள் என்பது அதிகம் பேசப்படாத பகுதி. கோடையில் குழி வெட்டினால் ஊற்றுநீர் நிரம்பிவிடும், பக்கச்சுவர் சரியும். அதனால் குளிர்காலத்தில் வெட்டினார்கள். மாலையில் குழியடியில் விறகு அடுக்கித் தீ மூட்டினால் காலைக்குள் ஒரு முழம்போல மண் இளகும். அதைச் சுரண்டிக் கைராட்டினத்தால் மேலே இறைத்துவிட்டு மறுபடி தீ. பாறையைத் தொடும்வரை இப்படியே வாரக்கணக்கில். தொட்டபின் பக்கவாட்டில் சுரங்கம். உறைந்த சுவரே தாங்கும் என்பதால் மரமுட்டு தேவைப்படவில்லை. ஆனால் தீயின் நச்சுப்புகை தங்கியிருக்கும்போது இறங்கியவர்கள் மயங்கினார்கள், செத்ததும் உண்டு. தங்கம் செறிந்த கீற்று பள்ளத்தாக்கின் அகலம் முழுவதும் பரவியிருக்காது. இன்றைய ஓடைக்கு நேர்க்கீழே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. முதல் குழி வெறுமையாக வந்தால் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே வரிசையாகக் குழிகள் போட்டார்கள். இறைத்த மண் குவியலாக உறைந்து கிடக்கும். மே மாதம் தண்ணீர் ஓடத் தொடங்கியதும் மரப்பெட்டிக் கால்வாயில் கழுவினால்தான் ஆறு மாத உழைப்புக்கு விடை தெரியும்.

தாமதமாக வந்தவர்களைச் சீச்சாகோ என்றார்கள், ஒன்றும் தெரியாத புதியவர் என்று பொருள். ஓடையில் இடம் கிடைக்காத சிலர் குன்றின் தோளில் தோண்டினார்கள். தங்கம் தண்ணீர் ஓடும் இடத்தில்தான் இருக்கும் என்று நம்பிய அனுபவசாலிகள் அதை மதிக்கவில்லை. ஆனால் குன்றின்மேல் இருந்தது பழைய ஆற்றின் தரை. சீச்சாகோ ஹில், கோல்ட் ஹில், பிரெஞ்ச் ஹில் எல்லாம் அப்படித் திறந்தவை. வெள்ளைச் சரளையின் அடிவரி வெளியே தெரியும் விளிம்பில் கைவைத்தால் போதும், ஆழக் குழிகூட வேண்டாம்.

1900-ல் உற்பத்தி உச்சம்: ஏறக்குறைய 10 லட்சம் அவுன்ஸ். ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், நம் கணக்கில் நாலு சவரனுக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் விறகுத் தீ போய் நீராவிக் குழாய்கள் வந்திருந்தன. கைவேலைக்குக் கட்டுப்படியாகும் செழிப்பு தீர்ந்ததும் பெரிய கம்பெனிகள் பட்டாக்களை வாங்கி ஒன்றாக்கின. குன்றுச் சரளையைப் பீச்சித் தகர்க்க உயரத்திலிருந்து தண்ணீர் வேண்டும். அதற்காக 1906 முதல் 1909 வரை சுமார் 112 கிலோமீட்டருக்குக் கால்வாயும் மரக்குழாயும் இரும்புக்குழாயும் மாறிமாறி வரும் யூக்கான் டிச் கட்டப்பட்டது. ஓடைகளுக்கு, தான் தோண்டிய குளத்திலேயே மிதந்தபடி வாளிகளால் தோண்டும் தூர்வாரி எந்திரங்கள் வந்தன. 1912-ல் கட்டிய நான்காம் எண் தூர்வாரி எட்டு மாடி உயரம், நீர்மட்டத்துக்குக் கீழே 17 மீட்டர்வரை தோண்டும், மின்சாரத்தில் ஓடியது. 1959 வரை ஓடி ஒன்பது டன் தங்கம் எடுத்தது. பொனான்சா ஓடைக்கரையில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

உறைந்த மண்ணைத் தூர்வாரியின் வாளிகள் கடிக்க முடியாது. முதலில் மேல்சேற்றை நீர்ப்பீச்சியால் கழுவி, பிறகு சில மீட்டருக்கு ஒன்றாக இரும்புக் குழாய்களைப் பாறைவரை அடித்து, சாதாரண ஓடைத் தண்ணீரை வாரக்கணக்கில் உள்ளே விட்டு இளக்கினார்கள். நீராவியைவிட இது மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் எரிபொருள் செலவே இல்லை. உறைநிலத்தின் வெப்பம் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும் என்பதால் கோடைத் தண்ணீரின் சூடே போதும். தங்கத்தின் விலை அவுன்சுக்கு 35 டாலரில் 1934 முதல் கட்டப்பட்டிருக்க, கூலியும் செலவும் ஏறி, 1966-ல் கடைசித் தூர்வாரி நின்றது.

அவை விட்டுச்சென்ற கல்வரப்புகள் ஆகாயத்திலிருந்து பார்த்தால் பெரிய புழுக்கள் நெளிவதுபோலத் தெரியும். அந்த வரப்புகளில் இன்னும் தங்கம் உண்டா என்று கேட்பவர்கள் தூர்வாரியின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாளி கொட்டியதை உருளைச் சல்லடை பிரிக்கும். சிறியது கழுவுமேசைக்குப் போய் அப்படியே பின்பக்கம் குளத்தில் விழும். பெரிய கல் வார்ப்பட்டையில் ஏறி அதன்மேல் விழும். ஆகவே வரப்பின் மேலே கல், அடியில் மணல். சல்லடைத் துளையைவிடப் பெரிய தங்கக்கட்டி கல்லோடு கல்லாக மேலேயே போயிருக்கும். களிமண் உருண்டையில் ஒட்டியதும் போயிருக்கும். ஆனால் நிச்சயமான மிச்சம் இருப்பது வரப்பில் இல்லை, அதற்கு அடியில் வாளி சுரண்ட முடியாத பாறை வெடிப்புகளிலும், எந்திரம் திரும்ப முடியாத பள்ளத்தாக்கின் ஓரங்களிலும்தான். 1970-களில் தங்க விலை கட்டவிழ்ந்தபின் புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் வைத்துக் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பெரும்பாலும் இந்த மிச்சத்தைத்தான் எடுக்கிறார்கள். இதுவரை கிளொண்டைக் தந்தது சுமார் 2 கோடி அவுன்ஸ், 600 டன்னுக்கு மேல்.

இன்றைய வேலையின் கணக்கு எளிது, நிறைவேற்றுவதுதான் கடினம். உதாரணத்துக்கு, கன மீட்டருக்கு அரை கிராம் உள்ள சரளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 1,000 கன மீட்டர் கழுவினால் அரைக்கிலோ கச்சாத் தங்கம், சுத்தமாக 400 கிராம். ஆனால் அந்தச் சரளையைத் தொடுவதற்கு முன் அதைப்போல மூன்று மடங்கு வெறும் சேற்றை அகற்ற வேண்டியிருந்தால் டீசல் செலவு அங்கேயே லாபத்தைத் தின்னும். உறைந்த சேற்றை ஒரே மூச்சில் வெட்டப் பார்த்தால் பற்கள் தேயும். மேல்பாசியை உரித்துவிட்டு, வெயிலில் இளகிய மெல்லிய அடுக்கைத் தினந்தோறும் வழித்தெடுப்பதே முறை. அதனால்தான் இந்த ஆண்டு கழுவப்போகும் நிலத்தைப் போன ஆண்டே திறந்துவைப்பார்கள். கழுவும் பருவம் மே முதல் செப்டம்பர் கடைசிவரைதான்.

கழுவுபெட்டியில் தங்கம் தவறுவதற்குக் காரணங்கள் சிலவே, திரும்பத் திரும்ப அவையேதான். முதலாவது, பெரிய கல்லைச் சலிக்காமல் விடுவது. பெருங்கல்லை உருட்ட அதிக நீர் வேண்டும், அந்த வேகம் பொடித்தங்கத்தையும் அடித்துப்போகும். 2 அல்லது 2.5 செ.மீ. சல்லடையில் சலித்துவிட்டால் மெல்லிய நீரோட்டம் போதும். இரண்டாவது, பெட்டியின் தளத்தில் தங்கத்தைப் பிடித்து நிறுத்தும் குறுக்குச்சட்டங்கள் மணலால் இறுகிப்போவது. ஒரு அங்குல இரும்புக் கோணச்சட்டத்தை நீர் வரும் பக்கமாக 15 பாகை சாய்த்து, 5 செ.மீ. இடைவெளி விட்டு வைத்தால் ஒவ்வொன்றின் பின்னும் தண்ணீர் சுழலும். அந்தச் சுழல் மணலை உயிரோடு வைத்திருந்து தங்கம் உள்ளே இறங்க வழிவிடும். சாய்வு குறைந்தாலும் மண் அளவுக்கு மீறி வந்தாலும் கருமணல் சிமெண்டுபோல இறுகிவிடும், பின்னால் வரும் தங்கம் அதன்மேல் வழுக்கிப்போகும். மீட்டருக்கு 12 முதல் 20 செ.மீ. சரிவுக்குள் வைத்து, கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்: சட்டங்களின் மேல்விளிம்பு தெரிந்துகொண்டே இருந்தால் சரி, மணலில் மூழ்கிவிட்டால் மண் வரத்தைக் குறையுங்கள். பொடிக்கு விரித்த இரும்புவலையும் அதனடியில் பாய்விரிப்பும் நல்லது. மண்ணை விட்டுவிட்டுக் கொட்டுவதும் கெடுதல்; வெறும் தண்ணீர் ஓடும் நிமிடங்களில் சட்டங்கள் அரித்துக் காலியாகும். இளகாத கட்டியைப் பெட்டியில் போட்டால் அதற்குள் இருக்கும் தங்கம் கட்டியோடே வெளியேறும்.

கழுவி எடுத்த கருமணலில் மாக்னடைட், ஹெமடைட், கார்னெட் எல்லாம் இருக்கும். காந்தத்தால் ஒரு பங்கைப் பிரித்து, மிச்சத்தை, குலுங்கி ஆடிக் கனமானதைப் பிரிக்கும் மேசையில் ஓட்டுவார்கள். அந்தக் காலப் பாதரசம் இப்போது தேவையில்லை. கழுவிய கலங்கல் நீர் தெளிகுளங்களில் நின்ற பிறகே ஓடைக்குத் திரும்பலாம். தண்ணீர் உரிமத்தின் நிபந்தனை அது.

புதிய நிலத்தைச் சோதிப்பதில் ஏமாற்றம் மிக அதிகம். துளைக்கருவி மேலே கொண்டுவரும் மண் ஒரு வாளி, இரண்டு வாளி. அதில் கோதுமை அளவு ஒரே ஒரு தங்கமணி விழுந்தால் கணக்கு பொய்யாக உயரும், தவறினால் நல்ல நிலம் வெறுமையாகத் தெரியும். பாறைக்குள் ஒரு மீட்டராவது போய் நிறுத்துங்கள். ஒரு துளையை நம்பாமல் பள்ளத்தாக்குக்குக் குறுக்கே வரிசையாகப் போடுங்கள். நல்லது என்று தோன்றினால் சில நூறு கன மீட்டரை உண்மையாகவே கழுவிப் பார்த்தபின் எந்திரம் வாங்குங்கள்.

இனி தாய்ப்பாறை. தேடல் 1900-களிலேயே தொடங்கிவிட்டது. பொனான்சாவின் மேல்பக்கத்தில் லோன் ஸ்டார் என்ற பாறைச்சுரங்கம் திறந்து, ஆலை வைத்து அரைத்துப் பார்த்தார்கள். வந்தது மிகச் சொற்பம், சில ஆண்டுகளில் நின்றது. சுற்றுவட்டாரத்தில் துளையிட்டுத் தேடுவது இன்றும் தொடர்கிறது. தேடுபவர்கள் கையில் வைத்திருக்கும் நல்ல துப்பு ஓடைத் தங்கமேதான். நீண்ட தூரம் உருண்ட மணி தட்டையாகி, விளிம்பு மழுங்கி, மேல்தோலில் வெள்ளி கரைந்து உள்ளே இருப்பதைவிடச் சுத்தமாக இருக்கும். முளைமுளையாக, வெங்கச்சங்கல் துணுக்கு ஒட்டியபடி வரும் மணி பக்கத்திலிருந்தே வந்தது. மணியின் நடுப்பகுதியில் வெள்ளியும் பாதரசமும் எவ்வளவு என்று அளந்து, மலைமேல் உள்ள நரம்புகளின் தங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் பல ஓடைகளின் தங்கம் அந்தந்த ஓடையின் தலைப்பில் உள்ள சிறு நரம்புகளோடே பொருந்தியது. எங்கோ ஒளிந்திருக்கும் ஒற்றைப் பெருநரம்பு தேவைப்படவில்லை. விரற்கடை அகல நரம்புகள் ஆயிரக்கணக்கில், அவற்றைச் சுமந்த மலை அரிந்து தாழும் அளவுக்குக் காலம், இவ்விரண்டுமே இந்தக் கணக்குக்குப் போதும்.